வயதுக் கோடும் வளரும் பிள்ளையும்

(கேரள மாநிலம் குமுளியில் எல்லைப்புறப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பள்ளி விளையாட்டில் ஒரு பிள்ளையின் இடத்தை மூன்று முடிவுகள் நிர்ணயிக்கின்றன. எந்த வயதுப் பிரிவு என்பது முதல் முடிவு; எந்த அணி என்பது இரண்டாவது; அணியில் எந்த இடத்தில் நின்று ஆடுவது என்பது மூன்றாவது. முதல் முடிவைப் பற்றியே நம் நாட்டில் பேச்சு மிகுதி. வயதை மறைத்து ஆடியவர்களைப் பற்றிய புகார்களும் விசாரணைகளும் அடிக்கடி செய்தியாகின்றன. மற்ற இரண்டு முடிவுகளும் பெரும்பாலும் ஒரு பிற்பகற் பொழுதில், திடலோரத்தில், எவ்விதப் பதிவும் இன்றி எடுக்கப்பட்டு விடுகின்றன.

இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. வயதுக் கோட்டை எத்துணைக் கண்டிப்பாக வரைந்தாலும், கோட்டிற்குள் வரும் பிள்ளைகளை முறையாகப் பங்கிடாவிட்டால் அக்கண்டிப்பினால் பயன் குறைவே. பேஸ்பால், சாஃப்ட்பால் ஆகிய இரு விளையாட்டுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராயலாம். இவ்விரண்டிலும் வயதுக்கேற்பக் களத்தின் அளவே மாறுகிறது. ஆதலால் பிரிவு தவறினால் ஏற்படும் விளைவு வெளிப்படையாகத் தெரியும்.

எல்லைப்புறத்தின் தனி நிலை

குமுளி, இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு வட்டத்தைச் சேர்ந்தது. மலைச்சாலை இறங்கினால் தேனி மாவட்டத்தின் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம். இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று உருவாயிற்று. ஆனால் இப்பகுதிக்கும் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் இடையிலான போக்குவரத்து அதற்கு மிக முற்பட்டது. தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏலத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் இங்கே வாழ்கின்றனர். ஏலக்காய் பறிக்க ஜீப்புகளில் நாள்தோறும் எல்லை கடந்து வந்து செல்வோரும் உளர். மன்னான், பளியர் ஆகிய பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் குமுளியிலேயே உள்ளன.

இத்தகைய வட்டாரத்தில் வயது என்பது எளிய செய்தி அன்று. மலைமேல் வாழும் தாய் பேறுகாலத்திற்குத் தன் பிறந்தகமான கம்பத்திற்கோ தேனிக்கோ செல்கிறாள். பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் விதி. ஆகவே குழந்தையின் பிறப்புப் பதிவு தமிழ்நாட்டில் இருக்கும். பள்ளிப் பதிவு கேரளத்தில் இருக்கும். ஒன்றில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து முன்னே நிற்கும். மற்றொன்றில் அது பின்னே போகும், அல்லது விரிந்த பெயராக மாறும். மருத்துவமனையிலிருந்து சென்ற பதிவில் குழந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருப்பதும் உண்டு. பெயரைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ள 15 ஆண்டுகள் வரை விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் வேலை நாளை இழந்து, பேருந்துக் கட்டணம் செலுத்தி, அந்த அலுவலகத்திற்குச் சென்று வரத் தோட்டத் தொழிலாளிக்கு எளிதில் இயலுவதில்லை.

தோட்டங்களின் பொருளாதாரமும் இதில் தொடர்புடையது. 25க்கு மேற்பட்ட தொழிலாளர் குழந்தைகள் உள்ள தோட்டங்களில் கல்வி வசதி செய்து தருமாறு உரிமையாளரைப் பணிக்க, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கை தோட்டத்தின் நிலையோடு பிணைந்திருந்தது. தேயிலை விலை வீழ்ந்து, 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேடு வட்டாரத்தில் சில தோட்டங்கள் மூடப்பட்டபோது, பல குடும்பங்கள் வேலை தேடி வேறிடம் பெயர்ந்தன. இவ்வாறு இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்துவதும், சில ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் சேர்வதும் இயல்பு. அதனால் ஒரே வகுப்பில் இரண்டு மூன்று வயது வேறுபாடுள்ள பிள்ளைகள் அமர்ந்திருப்பர். வகுப்பை வைத்து அணி பிரிக்கும் வழக்கம் உள்ள இடங்களில் இவ்வேறுபாடு அப்படியே திடலுக்கும் வந்துவிடுகிறது.

இன்றுள்ள பிரிவுகள்

இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1954இல் தொடங்கப்பெற்றது. 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என்னும் மூன்று பிரிவுகளே தேசியப் பள்ளிப் போட்டிகளின் அடிப்படை. பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இப்போட்டிகளில் இடம்பெற்று வந்துள்ளன. கேரளத்தில் இப்பிரிவுகளைச் சப்-ஜூனியர், ஜூனியர், சீனியர் என்பர். இளைய வகுப்புகளுக்கு மினி, கிட்டீஸ் என்னும் பிரிவுகளும் உண்டு. போட்டி உபஜில்லாவில் தொடங்கி, வருவாய் மாவட்டம், மாநிலம் என மேலேறுகிறது. எல்லைக்குக் கீழே தமிழ்நாட்டில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்பது படிநிலை. பெயர்கள் வேறாயினும் அமைப்பு ஒன்றே: ஒவ்வொரு படியிலும் வென்றவர் மட்டும் மேலே செல்கின்றனர், தோற்றவருக்கு அவ்வாண்டின் விளையாட்டு அத்துடன் முடிந்துவிடுகிறது.

இவ்வமைப்பில் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று, பிரிவுகளுக்கு இடையிலான அகலம். 14 வயதைக் கடந்தவுடன் ஒரு சிறுவன் தன்னைவிட ஏறத்தாழ மூன்று வயது மூத்தவர்களுடன் மோத வேண்டியவனாகிறான். சிறுவர்களின் உயரம் மிக வேகமாகக் கூடுவது பொதுவாக 14 வயதையொட்டி. சிறுமியருக்கு 12 வயதையொட்டி. அதாவது, வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும் காலத்தில்தான் பிரிவின் அகலமும் மிகுதியாக இருக்கிறது. வளர்ச்சி தாமதப்படும் சிறுவன் இக்கட்டத்தில் அணியில் இடம் பெறாமல் போவது எளிது. அவனிடம் திறமை இல்லை என்று எவரும் சொல்லவில்லை; அவனுக்கு இன்னும் உயரம் வரவில்லை, அவ்வளவே. ஆயினும் மறு ஆண்டு அவன் திடலுக்கு வருவதில்லை.

மற்றொரு குறை, தேர்வு முந்திவிடுவது. பிள்ளைகள் பல ஆட்டங்கள் ஆடிப் பழகிய பின்னர் அவர்களிலிருந்து சிறந்தவர்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு முறை. ஆடுவதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டு, தேர்வானவர்களை மட்டும் ஆட வைப்பது மற்றொரு முறை. நம் பள்ளிகளில் வழங்குவது பெரும்பாலும் இரண்டாவது முறையே.

லிட்டில் லீக் தரும் பாடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்போர்ட்டில், கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் 1939இல் சிறுவர்களுக்கென லிட்டில் லீக் பேஸ்பாலைத் தொடங்கினார். பெரியவர்களின் களம் சிறுவர்களுக்குப் பொருந்தாது. களத்தையே சிறுவர்களின் அளவுக்குச் சுருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. முதிர்ந்தோர் பேஸ்பாலில் தளங்களுக்கு இடையிலான தூரம் 90 அடி, அதாவது 27.43 மீட்டர், பந்து எறிபவர் நிற்கும் தூரம் 18.44 மீட்டர். லிட்டில் லீக்கின் 9 முதல் 12 வயது வரையிலான முதன்மைப் பிரிவில் இவை முறையே 18.29 மீட்டரும் 14.02 மீட்டரும் ஆகும். 11 முதல் 13 வயது வரை உள்ளோருக்கு 21.34 மீட்டர், 15.24 மீட்டர் என ஓர் இடைநிலைக் களம் உண்டு. 12 முதல் 14 வயது வரையிலான ஜூனியர் பிரிவில் முழு அளவுக் களத்தில் ஆடுகின்றனர். அதற்கு மேல் 13 முதல் 16 வயது வரை சீனியர் பிரிவு. சிறுமியர் 1974இல் பேஸ்பாலில் அனுமதிக்கப்பட்டனர்; அவ்வாண்டிலேயே சிறுமியர்க்கான சாஃப்ட்பால் பிரிவும் தொடங்கப்பெற்றது.

இவ்வயது வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது ஊன்றி நோக்கத்தக்கது. 12 வயதுப் பிள்ளை ஒன்றை முதன்மைப் பிரிவிலும் வைக்கலாம். இடைநிலைப் பிரிவிலும் வைக்கலாம். ஜூனியர் பிரிவிலும் வைக்கலாம். எதில் வைப்பது என்பதைப் பிள்ளையின் வளர்ச்சியும் திறமையும் பாதுகாப்பும் கருதி முடிவு செய்ய இடம் இருக்கிறது. வயது ஒரு சுவராக இல்லாமல் ஒரு படிக்கட்டாக அமைந்துள்ளது எனலாம்.

அணிப் பங்கீட்டிலும் ஒரு நியாயம் பின்பற்றப்படுகிறது. பிள்ளைகள் அனைவரும் ஓடியும் எறிந்தும் அடித்தும் காட்டிய பிறகு, பொறுப்பாளர்கள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தம் அணிக்கு எடுத்துக்கொள்கின்றனர். முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு அளிப்பது பல இடங்களில் வழக்கம். அணிகள் ஏறக்குறையச் சமமாக அமைவதே நோக்கம். அணியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட்டத்தில் குறைந்த அளவு பங்கேனும் கிடைக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. பருவம் முடிந்த பின்னரே சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு தேர்வு அணி அமைகிறது. முதலில் பங்கீடு, பிறகு தேர்வு என்பதே வரிசை.

அங்கும் முறைகேடுகள் இல்லாமல் இல்லை. 1992இல் உலகத் தொடரை வென்ற பிலிப்பைன்ஸின் சாம்போவாங்கா அணியில், தகுதி வரம்புக்கு உட்படாத ஆட்டக்காரர்கள் இருந்தமை பின்னர்த் தெரியவந்து பட்டம் பறிக்கப்பட்டது. 2001இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி அணியில் அனைவரையும் வியக்கவைத்த பந்து எறியும் சிறுவன், 12 வயதினன் அல்லன், 14 வயதினன் என்பது உறுதியாயிற்று; அணியின் வெற்றிகள் நீக்கப்பட்டன. பொய்ச் சான்றிதழை உருவாக்கியவர்கள் பெரியவர்கள். உலகம் முழுவதும் செய்தியாகிப்போனது அச்சிறுவனின் பெயர். இவ்வேறுபாட்டை விதிகளை வகுப்போர் மறத்தலாகாது.

பதிவேட்டு வயது இரு பக்கமும் தவறலாம்

நம் நாட்டில் வயது மோசடி என்றால், மூத்தவர் இளையவராகக் காட்டப்படுவதையே அனைவரும் எண்ணுகின்றனர். அதற்குப் பொருளாதாரக் காரணங்கள் தெளிவாக உள்ளன. போட்டி வெற்றிக்குக் கேரளத்தில் கருணை மதிப்பெண் உண்டு. விளையாட்டு விடுதியில் இடம், கல்லூரியில் ஒதுக்கீடு, அரசுப் பணியில் முன்னுரிமை ஆகியவை தொடர்ந்து வரும். கேலோ இந்தியா திட்டம் 2018இல் விரிவுபடுத்தப்பட்டபோது, தேர்ந்தெடுக்கப்படும் இளம் வீரர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் 8 ஆண்டுகள் உதவி அளிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு பதக்கத்தின் பொருளாதார மதிப்பு இவ்வாறு உயரும்போது, பதிவேட்டில் ஓர் எண்ணைத் திருத்தும் ஆசையும் உயரும்.

ஆனால் இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் அரியர். முற்காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதத் தொடக்கத்தில் 5 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக, வயது நிரம்பாத குழந்தைக்கு மே மாதத் தேதி ஒன்றைத் தலைமையாசிரியர் எழுதிக்கொள்வது வழக்கம். பழைய பள்ளிப் பதிவேடுகளில் மே மாதத்தில் பிறந்தவர்கள் வியப்பூட்டும் அளவில் மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம். பிறப்புச் சான்றிதழ் பரவிய பிறகு இவ்வழக்கம் பெரிதும் குறைந்தது. ஆயினும் சான்றிதழ் கைக்கு எட்டாத குடும்பங்களில் தோராயத் தேதிக்கு இன்னும் இடம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எக்குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது. அது நியாயமான விதி. ஆனால் சேர்க்கையின்போது எழுதிய தோராயத் தேதியைப் பின்னர்ச் சரிபார்க்கும் கடமையை எவரும் ஏற்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2013 ஜனவரி 15இல் பிறந்த ஒரு சிறுமிக்குப் பதிவேட்டில் 2012 மே 25 என்று எழுதப்பட்டுவிட்டது எனக் கொள்வோம். வேறுபாடு எட்டு மாதங்களுக்கும் குறைவு. ஆனால் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிவு கணக்கிடப்படும் போட்டிகளில் அவள் ஓராண்டு முழுவதும் முன்னதாகவே 14 வயதுப் பிரிவிலிருந்து வெளியேற்றப்படுவாள். தன்னைவிட உண்மையில் மூத்தவர்களோடு மோதித் தோற்பாள். அவள் பொருட்டு எவரும் புகார் கொடுக்கப்போவதில்லை. ஏனெனில் இங்கே ஏமாற்றியவர் எவரும் இல்லை. வயதைக் குறைத்தவர் செய்தியாகிறார்; வயது கூடிப்போனவர் ஓசையின்றி விலகிவிடுகிறார்.

பதிவு முற்றிலும் சரியாக இருந்தாலும் ஒரு சிக்கல் எஞ்சும். ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் வருகின்றனர். இடைவெளி கிட்டத்தட்ட ஓராண்டு. கனடாவின் இளைஞர் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் மிகுதியாக இருப்பதை ஆய்வாளர்கள் 1985இல் எடுத்துக்காட்டினர். அமெரிக்க பேஸ்பாலில் நெடுங்காலம் ஜூலை 31 வரம்பு நாளாக இருந்தது; அங்குத் தொழில்முறை வீரர்களில் ஆகஸ்ட் மாதத்தில் பிறந்தோர் மிகுந்து காணப்பட்டனர். சற்று மூத்த பிள்ளை சற்று நன்றாக ஆடுகிறது, ஆகவே தேர்வாகிறது, தேர்வானதால் பயிற்சி பெறுகிறது, பயிற்சி பெற்றதால் உண்மையாகவே சிறந்து விளங்குகிறது. தொடக்கத்தில் இருந்த சில மாத வேறுபாடு இவ்வாறு வட்டி மேல் வட்டியாகப் பெருகுகிறது.

எலும்பு வயது ஒரு தீர்வா?

மத்திய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிரான தேசிய நெறிமுறையை 2010இல் வெளியிட்டது. ஐயம் எழுந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு அது வழிவகுத்தது. இடக்கை மணிக்கட்டின் எக்ஸ்-ரே படத்தைக் கொண்டு எலும்பு வளர்ச்சியை மதிப்பிடும் முறையை இந்தியக் கிரிக்கெட் வாரியம் இளையோர் பிரிவுகளில் கையாண்டு வருகிறது.

இம்முறைக்குப் பயன் உண்டு, எல்லையும் உண்டு. எலும்பு வயது என்பது வளர்ச்சியின் அளவு. பிறந்த நாளின் சான்று அன்று. ஒரே நாளில் பிறந்த இரு நலமான சிறுவர்களின் எலும்பு முதிர்ச்சியில் ஓரிரு ஆண்டு வேறுபாடு இருத்தல் இயல்பே. ஆகவே விரைந்து வளர்ந்த நேர்மையான சிறுவன் ஒருவன் தகுதியிழக்கவும் கூடும். மெதுவாக வளர்ந்த மூத்தவன் தப்பவும் கூடும். மேலும், குமுளி வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் அனைவரையும் எக்ஸ்-ரே எடுக்க அழைத்துச் செல்வது நடைமுறைக்கு ஒத்தது அன்று. உயர்நிலைப் போட்டிகளில் ஐயம் வரும்போது கையாள வேண்டிய கடைசிக் கருவி அது. அடித்தளத்தில் வேண்டுவது நேரிய பதிவேடும் ஓர் அளவுகோலுமே.

களத்தில் எங்கே நிறுத்துவது?

மூன்றாவது முடிவுக்கு வருவோம். பேஸ்பாலிலும் சாஃப்ட்பாலிலும் களத்தில் நிற்போர் ஒன்பதின்மர். பந்து எறிபவர், அடிப்பவருக்குப் பின்னே அமர்ந்து பந்தைப் பிடிப்பவர், தளங்களைக் காப்பவர்கள், புறக்களத்தில் நிற்பவர்கள் என ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை. பருமனான பிள்ளையைப் பின்னே அமர்த்துவதும், உயரமான பிள்ளையை எறிய வைப்பதும், எதற்கும் பொருந்தாது என்று கருதப்படும் பிள்ளையைப் புறக்களத்தின் ஓரத்தில் நிறுத்துவதும் எங்கும் காணும் வழக்கம். 11 வயதில் ஒருமுறை செய்த இந்த ஏற்பாடு பள்ளி முடியும் வரை மாறாமல் நீடிப்பதும் உண்டு. இன்றைய உயரம் நாளைய உயரம் அன்று. ஆகவே 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் எல்லா இடங்களிலும் மாறி மாறி ஆட வேண்டும் என்பதே பயிற்சியாளர்கள் பலர் வற்புறுத்தும் நெறி.

இதில் உடல்நலமும் அடங்கியுள்ளது. நன்றாக எறியும் சிறுவன் ஒருவன் கிடைத்துவிட்டால் அவனையே எல்லா ஆட்டங்களிலும் எறிய வைக்கும் ஆசை எழும். வளரும் எலும்பின் நுனியிலுள்ள மென்பகுதி இடைவிடாத எறிதலைத் தாங்குவதில்லை. முழங்கையும் தோளும் பழுதடைகின்றன. இதனால் லிட்டில் லீக் 2007 முதல் ஒரு நாளில் எறியும் பந்துகளுக்கு உச்சவரம்பு விதித்தது. 9, 10 வயதினருக்கு 75. 11, 12 வயதினருக்கு 85. 13 முதல் 16 வயது வரை 95. எறிந்த எண்ணிக்கைக்கேற்பக் கட்டாய ஓய்வு நாட்களும் உண்டு. இவ்வரம்பைச் செயற்படுத்த ஒரு தாளும் பென்சிலும் போதும். ஆனால் அவ்வரம்பு வயதை அடிப்படையாகக் கொண்டது. பிள்ளையின் வயது பதிவேட்டில் இரண்டாண்டு கூடியிருந்தால், பாதுகாப்பும் அவ்வளவு குறைந்துவிடும்.

திறமையை வேறு ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கும்போது அது வெளிப்படுவதும் உண்டு. ஈட்டி எறிதலில் பயிற்சி பெற்றிருந்த உத்தரப் பிரதேசத்து இளைஞர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், 2008இல் நடந்த ஒரு பந்து எறியும் போட்டியின் வாயிலாகக் கண்டறியப்பட்டு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் ஒப்பந்தம் பெற்றனர். அதற்கு முன் அவர்கள் பேஸ்பால் ஆடியவர்கள் அல்லர்.

இடுக்கி மாவட்டத்தின் அனுபவமும் இதையே வேறு வகையில் உணர்த்துகிறது. தொடுபுழாவில் பிறந்த ஷைனி வில்சன் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை ஓடினார். கொம்பிடிஞ்ஞாலைச் சேர்ந்த கே.எம். பீனாமோள் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் பெற்றபோது அவருக்கு வயது 27. இம்மாவட்டத்தின் பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோவில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றபோது வயது 28. இம்மலைகளின் சிறந்த பலன்கள் முதிர்ந்தே கனிந்தன. 13 வயதில் வென்றவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விட்டுவிடும் அமைப்பு, இத்தகையோரை இழந்துவிடும் வாய்ப்பே மிகுதி.

இவ்வட்டாரத்தில் செய்யத்தக்கவை

இக்குறைகளைக் களையப் பெருஞ்செலவு தேவையில்லை. இன்றுள்ள ஏற்பாடுகளைக் கொண்டே சிலவற்றைத் தொடங்கலாம்.

முதலாவது, வயதைச் சரிபார்க்க வேண்டிய காலம் ஒன்றாம் வகுப்பே. 14 வயதில் பதக்கம் கண்ணெதிரே இருக்கும்போது சரிபார்த்தால், ஒவ்வொரு திருத்தமும் ஐயத்திற்கு இடமாகும். ஆறு வயதில் திருத்தினால் எவருக்கும் ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலும் அதற்குப் பின்னரும் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கான சான்றாகும். அக்குழந்தைகள் இன்னும் சில ஆண்டுகளில் முதல் வகுப்புக்கு வருவர். அதற்குள் குமுளி, வண்டிப்பெரியாறு வட்டாரப் பள்ளிகளும் எல்லைக்குக் கீழுள்ள பதிவு அலுவலகங்களும் ஒரு தொடர்பை ஏற்படுத்திக்கொள்வது நலம். பெயர் சேர்க்கப்படாத பதிவுகளுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் பள்ளியிலேயே முகாம் அமைத்தால், தொழிலாளியின் ஒரு நாட்கூலி மிஞ்சும்.

இரண்டாவது, வளர்ச்சிப் பதிவு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலை பரிசோதிக்கப்படுகிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை உயரத்தையும் எடையையும் உடற்கல்வி ஆசிரியரும் ஓர் ஏட்டில் குறித்து வைத்தால், எந்தப் பிள்ளை வேகமாக வளர்கிறது, எது இன்னும் வளரவில்லை என்பது தெரியவரும். வளர்ச்சியின் நிலையை ஒட்டிப் பிள்ளைகளைக் குழுக்களாக்கி ஆட வைக்கும் முறையை இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சிக் கழகங்கள் கையாண்டுள்ளன. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் வயதே அளவுகோலாக நிற்கட்டும். பள்ளிக்குள் நடைபெறும் பயிற்சி ஆட்டங்களில் வளர்ச்சியையும் கருதலாம்.

மூன்றாவது, தேர்வுக்கு முன் பங்கீடு. உபஜில்லாப் போட்டிக்கு ஓர் அணியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், பள்ளியின் பிள்ளைகளை நான்கு சம அணிகளாகப் பிரித்து ஒரு பருவம் முழுவதும் ஆட வைக்க வேண்டும். கடைசி அணிக்கு முதல் வாய்ப்பு என்னும் முறை இதற்குப் பெரிதும் உதவும். ஒரு முறை பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிடப் பத்து ஆட்டங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நம்பகமானது என்பதைப் புள்ளியியல் அறிந்தோருக்கு விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, களம். மலைச்சரிவில் சமதளம் அரிது. சாஃப்ட்பாலில் தளங்களுக்கு இடையே 18.29 மீட்டர் தூரமே. முழு பேஸ்பால் களத்தைவிட மிகக் குறைந்த இடம் போதும். சிறுவரும் சிறுமியரும் ஒருசேரக் கற்கலாம். மட்டையும் கையுறையும் பலர் பகிர்ந்துகொள்ளக் கூடியவை. சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கென ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை வழங்க வகை செய்யப்பட்டது. அருகருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகள் இணைந்து ஒரு தொகுதிப் பொருள்களை வாங்கிச் சுழற்சி முறையில் பயன்படுத்தினால் இத்தொகை ஓரளவு ஈடுகொடுக்கும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் மீண்டும் இடம்பெறவிருப்பது இவற்றின்மீது கவனத்தைத் திருப்பும். ஆயினும் ஒலிம்பிக்கை எண்ணி ஒரு தோட்டப் பள்ளியில் விளையாட்டைத் தொடங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் மாலையில் ஒரு மணி நேரம் ஓடி ஆடுவதே போதிய காரணம்.

ஐந்தாவது, தவறு கண்டபோது நடந்துகொள்ளும் முறை. வயதுப் பிழை வெளிப்பட்டால் பிள்ளையைத் திடலில் நிறுத்திக் கேள்வி கேட்பது தகாது. எழுதியவர் எவர், எழுதச் சொன்னவர் எவர், அல்லது அது வெறும் பதிவுப் பிழையா என்று ஆராய வேண்டும். பிள்ளையை அதன் உண்மைப் பிரிவில் தொடர்ந்து ஆட விடுவதே திருத்தமாகும். திடலைவிட்டு விரட்டுவது திருத்தம் ஆகாது.

விளையாட்டில் வயதுப் பிரிவு தேவை என்பதில் ஐயமில்லை. அது இல்லாவிடில் வலியவர் மட்டுமே ஆடுவர். ஆனால் வயதுப் பிரிவு ஒரு தொடக்கமே. பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய நியாயம் அத்துடன் நிறைவுறுவதில்லை. வருகின்ற கல்வியாண்டில் இவ்வட்டாரத்தின் ஒவ்வொரு பள்ளியும் ஒரு சிறு கணக்கு எடுக்கலாம்: 14 வயதுப் பிரிவில் ஆடியவர்களுள் எத்தனை பேர் 16 வயதிலும் ஆடிக்கொண்டிருக்கின்றனர்? நின்றுவிட்டவர்கள் எக்காரணத்தால் நின்றனர்? பெற்ற பதக்கங்களின் எண்ணிக்கை ஆண்டறிக்கையில் இடம்பெறுகிறது. அதற்கு அடுத்த வரியில் இந்த எண்ணும் இடம்பெறுமாயின், பள்ளியின் விளையாட்டுத் திட்டம் எவ்வளவு பயன் தருகிறது என்பது விளங்கும்.